எழுபத்துமூன்றாம் நம்பர் புத்தகம்

ஜூலை 14, திங்கள்

நோயியல் இன்டர்னல் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்பது. இன்னும் ஒரே தேர்வுதான் பாக்கி. அதில் குறைந்தது அறுபத்தொன்று வாங்கினால்தான் சராசரி ஐம்பது வரும், இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத விட மாட்டார்கள்.

படிக்கவில்லையா? படித்தேனே! பெரிய புத்தகம், சின்னப் புத்தகம், வீடியோ, கேள்வி ஆப், யாரோ ஒரு டாப்பரின் நோட்ஸ் — ஆளுக்கொன்று சொன்னார்கள், அத்தனையும் வைத்துக்கொண்டேன். ஐந்திலும் முதல் பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேள்வி வந்ததோ நாலாம் பாடத்திலிருந்து.

ஜூலை 15

பட்டறையில் யாரோ ரிப்பேருக்கு விட்ட வண்டியைப் பிரித்துக்கொண்டே அப்பா கேட்டார்: "இன்னா பாப்பா, மார்க் வந்துச்சா?" வரலப்பா என்றேன். பொய்.

ஜூலை 19, சனி

கட்டிலுக்கு அடியில் சீனியர் சாம் அண்ணன் கொடுத்த புத்தகம் கிடைத்தது. எங்கள் மருத்துவக் கல்லூரி வழக்கம் — மேல் வகுப்பில் நம் ரோல் நம்பர் யாருக்கோ, அவர் தன் புத்தகத்தை நமக்குத் தர வேண்டும். என் நம்பர் எழுபத்துமூன்று. பழைய பதிப்பு, அட்டையில்லை, ஓரமெல்லாம் மூன்று தலைமுறைக் கிறுக்கல். அவர் கொடுத்த அன்றைக்கே மூக்கைச் சுளித்தேன்.

ஆனால் அதை நாலாக அறுத்து, நாலு புத்தகமாகத் தைத்திருக்கிறார்கள்! ஒரு கையில் பிடிக்கலாம். தினமும் ரயிலில் நின்றுகொண்டு போகிற எனக்கு வேறென்ன வேண்டும்? ஓரத்தில் பச்சை மையில்: "வாய்விட்டுச் சொல். வரலைன்னா தெரியலைன்னு அர்த்தம்."

ஆப்போடு சேர்த்து அந்த ஐந்தையும் மூட்டை கட்டிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. தப்புக் கணக்கோ?

ஜூலை 22

மணவூரில் ஏறுகிற ஹெப்சி, என் வகுப்புக்காரி, கையில் டேப்லெட்டோடு சிரித்தாள். "இதப் போய் படிச்சிகினு இருக்கியே! பழசுடி."

"பழசுன்னா ஒடம்புல இருக்கிற செல்லு வேற மாதிரி சாவுமா?"

ஆனாலும் நல்லவள். புதுப் பதிப்பில் மாறியதை அவளே வாசித்தாள், நான் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஆடிக் கிருத்திகை. சாயங்கால ரயிலில் காவடிகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று, அழற்சியின் ஐந்து அறிகுறிகளை முணுமுணுத்தேன். துணிக்கடை வேலை முடிந்து வரும் புவனா, தினமும் பக்கத்தில் நிற்பவள், அதட்டினாள்: "சிவப்பு, சூடு, வீக்கம், வலி... அஞ்சாவத உட்டுட்டியே! அந்த எடம் வேல செய்யாமப் போறது!"

அட பாவி! எனக்கு வரவில்லை, அவளுக்கு வந்துவிட்டது. பெட்டியே சிரித்தது.

செப்டம்பர் 19

கடைசி இன்டர்னலின் வாய்மொழித் தேர்வு. முதல் கேள்வியே அந்த ஐந்தும்தான்! மடமடவென்று சொன்னேன். ஐந்தாவதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது. "எந்தப் புக் படிக்கிறம்மா?" என்றார் பேராசிரியர். "சீனியர் தந்ததுங்க சார். ஒண்ணுதான்."

செப்டம்பர் 26

எழுபத்தெட்டு! எழுபத்தெட்டு!! பட்டறைக்கே ஓடினேன். பழைய முப்பத்தொன்பதையும் சொல்லிவிட்டேன். "ஆங், அன்னிக்கே மூஞ்சில தெரிஞ்சுதே," என்று அப்பா கிரீஸ் கையோடு என் தலையைத் தடவினார். மூன்று முறை ஷாம்பு போட்டும் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும்.

ஜனவரி 23

பல்கலைக்கழக முடிவு வந்தது. நோயியலில் முதல் வகுப்பு. ஜெயித்துவிட்டேன்!

புது எழுபத்துமூன்று, பர்ஹீன் என்று ஒரு பெண். நாலு துண்டையும் அவள் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தாள். "அக்கா, இது பழைய எடிஷனாச்சே," என்று மூக்கைச் சுளித்தாள்.

நான் பச்சை மை இருக்கும் பக்கத்தைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.