லீக்கைத் தொடங்கியவர்

1934 பெப்ரவரி 11, இரவு

நம் ரப்பர் தோட்டங்களின் கிரிக்கெட் லீக்குக்கு வரலாறு எழுதி, பிழை திருத்தித் தரும்படி தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் கந்தையா இன்று மாலை என்னிடம் கொண்டுவந்தார். தொடங்கியவர் என்று தன் பெயரையே போட்டிருக்கிறார். யட்டியாந்தோட்டைப் பக்கம் நான்கு தோட்டத்து ஆட்களை முதலில் சேர்த்து ஆடவைத்தவன் நான். என் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கேட்டேவிட்டேன்.

“மாஸ்டர், நீங்கள் ரப்பர் மரத்தில காய்ஞ்ச ஒட்டுப்பாலை உருட்டிப் பந்தெண்டு அடிச்சனீங்கள். அதுவும் ஒரு லீக்கோ? தமிழை மட்டும் பாத்துத் தாங்கோ” என்று சிரித்தார்.

பார்த்துக் கொடுத்தேன். அவரைப் புகழும் வரியைக்கூட அழகாக்கினேன். அடுத்த ஞாயிறு லீக் கூட்டத்தில் மாலை அவர் கழுத்தில்தான் விழும்.

முதல் ஆட்டம் ஜூன் மாதம் நடந்ததாம், அப்படி எழுதியிருக்கிறார். ஜூனில் இங்கே ரப்பர் மரத்தில் பால்வெட்டே நின்றுபோகும்; மைதானத்தில் மாடுகூட நிற்காது, அவ்வளவு மழை. அவர் அதை மேடையில் வாசிக்கும்போது கூட்டமே சிரிக்கும். தெரிந்தே அதன்மேல் ஒரு கோடு போடாமல் விட்டேன். முப்பது வருட வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் நான் இப்படிச் செய்ததில்லை.