வக்கீல் வருமானம், டோனர் கணக்கில்

ஜூன் 3, செவ்வாய்

எல்லாம் நான் முன்னாடியே சொன்னதுதான். அக்கா மகள் வக்கீல் படிப்பில் தேறுவாள், தேறிய கையோடு வேலை வீடு தேடி வரும், வந்ததும் வீட்டில் சண்டை வரும் — மூன்றையும் நாலு வருஷத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னீர்கள் என்று வீட்டுக்காரி கேட்கிறாள். சொல்லிக் கேட்ட ஆள் வீடு மாறிப் போய்விட்டார். அதற்கு நான் என்ன செய்ய?

இந்த டைரியே அவள் ஏற்பாடுதான். சட்டப் புத்தகக் கடைக்காரர் இலவசமாகக் கொடுத்தது, ஆறு மாதமாகக் கல்லாவுக்கு அடியில் கிடந்தது. "வாயில வர்றதையெல்லாம் இதுல எழுதுங்க, என் காதாவது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றாள். பெரிய மனிதர்கள் எல்லோரும் டைரி எழுதியவர்கள்தான் என்பது அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து மருமகளுக்கு வேலைக் கடிதம் வந்திருக்கிறது. குளிர்சாதன அறை, கழுத்தில் அட்டை, மாதம் முடிந்தால் சம்பளம். திங்கள்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இவளோ குடை வக்கீலம்மாவிடம் ஜூனியராகப் போகிறேன் என்கிறாள். வெயிலோ மழையோ, குடையில்லாமல் அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. தொழிலாளர் கோர்ட்டில் வேலை போனவர்கள், கூலி கிடைக்காதவர்கள் வழக்குதான் எடுப்பார்.

சாயங்காலம் அக்கா போன். "நீதான் கோர்ட்டு வாசல்லயே கெடக்கறியே. எந்த வக்கீலுக்கு எவ்வளவு வரும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியாதாவாம்! பத்தொன்பது வருஷமாகக் கோர்ட்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நீதிபதிக்கே தெரியாதது எனக்குத் தெரியும்.

ஜூன் 4, புதன்

வக்கீல் வருமானத்தை அளக்க நானே ஓர் அளவுகோல் கண்டுபிடித்திருக்கிறேன். ரொக்கத் தொகையாகச் சொன்னால் விலைவாசி ஏற ஏற மாறிவிடும். அதனால் டோனரில் சொல்கிறேன். என் பெரிய மெஷினுக்குப் போடும் கறுப்பு மைத்தூள் டப்பா ஒன்று — ஒரு டோனர். படித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. நான் ஒன்பதாவதோடு நிறுத்தியதற்குக் காரணமே கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் வந்த கருத்து வேறுபாடுதான். இப்போது பார்த்தால் தவறு அவர் பக்கம்.

ஆதாரம் எங்கே என்று கேட்டால், மெஷினின் கண்ணாடி மேலேயே இருக்கிறது. வீட்டுக் கடன், கார் கடன் வாங்குகிற வக்கீல் எல்லாம் சம்பளச் சீட்டையும் வருமான வரிச் சீட்டையும் பிரதி எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. தாள் நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது கண் தானாகப் போகும்.

ஜூன் 5, வியாழன்

இன்று மட்டும் நாலு பேருடைய தாள் நேராக இருக்கிறதா என்று பார்த்தேன்.

ஜூன் 7, சனி

பட்டியல் தயார். கம்ப்யூட்டரில் அடித்து, கட்டம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து லாமினேஷனும் செய்துவிட்டேன். தண்ணீர் பட்டாலும் அழியாது. இதோ, டைரிக்கும் ஒரு பிரதி:

கம்பெனி வக்கீல், முதல் வருஷம் — மாதம் இருபது டோனர். ஆனால் கோர்ட்டுப் படி ஏற மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அரைப்புள்ளி போட்டார்களா என்று பார்த்தே கண்ணாடி போட்டுக்கொள்வார்கள்.

அரசு வக்கீல் — பதினைந்து. தேர்வு எழுதி, முடிவு வந்து, நாற்காலி காலியாகும்போது தலையில் பாதி நரைத்துவிடும்.

வங்கிக்குச் சொத்துப் பத்திரம் சரிபார்ப்பவர் — பத்து. சத்தமில்லாத வருமானம்.

நோட்டரி — ஒரு முத்திரைக்கு ஒரு சொட்டு. நாள் முழுக்கச் சொட்டும்.

புலி வக்கீல் போன்ற கிரிமினல் சீனியர் — ஒரு நாள் ஆஜருக்கு ஒரு மெஷின். டோனர் இல்லை, மெஷின்! இதில் கொஞ்சம் நான் கூட்டியிருக்கலாம். அந்த மீசைக்குக் குறைத்துப் போட மனம் வரவில்லை.

தொழிலாளர் கோர்ட்டு வக்கீலின் ஜூனியர் — ஆறு டோனர். நம்பகமான வட்டாரத் தகவல்.

அக்கா துணிக்கடை வேலை முடிந்து, கிளினிக்குக்குப் போகும் வழியில் வந்து வாங்கிக்கொண்டாள். அத்தான் போன பிறகு அவளுக்கு இரண்டு வேலை. பகலில் துணி மடிக்கிறாள், ராத்திரி ஒன்பது வரை கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறாள். பட்டியல் இன்னும் சூடாக இருந்தது. விசிறிக்கொண்டே போனாள்.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா வீட்டில் வட்ட மேஜை மாநாடு. மேஜை சதுரம்தான். தலைமை நான்.

மருமகள் பட்டியலை இரண்டு தடவை படித்தாள். "மாமா, இத நீங்களா போட்டீங்க?"

"ஏன், கோர்ட்டா போடும்?"

அக்கா நேராக இருபது டோனருக்கே வந்தாள். "ஏன்டி, குளுகுளுன்னு உக்காந்து வேலை பாக்க உனக்கென்ன வலிக்குது? அந்தம்மா குடை புடிச்சிட்டு நடக்குது, நீ பின்னாடி கேஸ் கட்டைத் தூக்கிட்டு நடக்கணும். அதுக்கா அஞ்சு வருஷம் படிச்ச?"

"அம்மா, நான் அங்க ரெண்டு மாசம் பயிற்சிக்குப் போனேன்ல? தையல் கம்பெனிய ராவோட ராவா பூட்டிட்டுப் போயிட்டாங்க. நாப்பது பேரு. எட்டு மாசக் கூலி. சாட்சிக் கூண்டுல ஒரு அக்காவுக்குப் பேச்சே வரல. நான் எழுதிக் குடுத்த கேள்வியத்தான் வக்கீலம்மா கேட்டாங்க. அப்புறம் அந்தக்கா நிறுத்தவே இல்ல, பேசிக்கிட்டே இருந்தாங்க." பட்டியலை மேஜைமேல் வைத்தாள். "கம்பெனிக்குப் போனா, பூட்டுற பக்கம் உக்காந்து நோட்டீஸ் அடிக்கணும்மா."

அக்கா பட்டியலைக் கிட்டே இழுத்தாள். கடைசி வரியை விரலால் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இந்த ஆறு நெசமாடா?"

"அக்கா, என் கடை மேல சத்தியம்."

"சாயங்கால வேலையை மட்டும் விட்டாப் போதும் எனக்கு. கால் முட்டி ரெண்டும் மாடிப்படி ஏற மாட்டேங்குது. அதுக்கு வழி இருந்தா அவ இஷ்டம்போல போகட்டும். ஒரு மாசம் பாப்பேன். இல்லன்னா வேற கம்பெனி தேடணும், சொல்லிட்டேன்."

மருமகள் எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். நான் தலைமையுரை ஆற்றத் தொடங்கினேன். டிவியைப் போட்டுவிட்டார்கள்.

ஜூன் 9, திங்கள்

கம்பெனிக்கு 'இல்லை' என்று கடிதம் போய்விட்டது. என் கடையில்தான் அச்சடித்தாள். காசு வாங்கவில்லை. வரலாற்றுச் சிறப்புள்ள தாளுக்குக் காசு வாங்குவார்களா?

ஜூன் 12, வியாழன்

மருமகள் முதல் நாள் கறுப்புக் கோட்டுடன் கடைக்கு வந்தாள். தோளில் கொஞ்சம் பெரிசு. "வளர்ந்துருவ" என்றேன். "எனக்கு இருபத்து மூணு வயசு மாமா" என்றாள். மூன்று மனுக்களைப் பிரதி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று நாற்பது தாள் வீணாயிற்று.

காலையில் மெலிந்த ஜூனியர் வந்தான் — ஆறு வருஷமாக ஒரே கோட்டு, கைமுட்டியில் தையல் போட்டது. எப்போதும் போல் பேச்சுக் கொடுத்தேன். "என்ன தம்பி, உங்க சீனியர் மாசம் எவ்வளவு தர்றாரு?"

சிரித்தான். "அண்ணே, முதல் ரெண்டு வருஷம் ஒண்ணுமே கெடையாது. 'தொழில் கத்துக் குடுக்கறேன், நியாயப்படி நீதான் எனக்குத் தரணும்'னாரு. இப்ப பஸ்ஸுக்குத் தர்றாரு, அதுவும் ஞாபகம் இருந்தா."

"தொழிலாளர் கோர்ட்டுலயும் அப்படியா?"

"எங்க போனாலும் அதான் வழக்கம்ணே."

அவன் கேட்டது நாற்பது பக்கம். நான் எண்பது எடுத்துவிட்டேன்.

மருமகளிடம் சம்பளம் பேசினாயா என்று போனில் கேட்டேன். "அதெல்லாம் அவங்ககிட்ட எப்படி மாமா கேக்கறது? உங்க பட்டியல்ல போட்டிருக்கறத அவங்க தராமலா போயிருவாங்க?"

பாவி நான். என் தகவல் வட்டாரம் கொஞ்சம் பழசாகிவிட்டது போலிருக்கிறது. என்ன செய்வது? அக்காவிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடுமா? கூப்பிடாது. அவள் முட்டி?

ஜூன் 18, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். என் தொழிலில் ஓர் உண்மை உண்டு: ஒரு தாளை ஒருவன் காட்டினால் சந்தேகப்படுவார்கள், அதையே பத்துப் பேர் கையில் பார்த்தால் 'நானும் பார்த்தேன்' என்பார்கள்.

பட்டியலை இருநூறு பிரதி எடுத்தேன். தலைப்பையும் கொஞ்சம் கம்பீரமாக்கினேன்: 'சட்டத் துறை வருமான நிலவரம் — பத்தொன்பது ஆண்டு நேரடி ஆய்வு.' 'ஜூனியர், ஆறு டோனர்' வரியைத் தடித்த எழுத்தாக்கினேன். கீழே ஒரு டோனர் என்றால் இன்றைய விலையில் எவ்வளவு என்றும் போட்டேன். இன்று பைண்டிங்குக்கு வந்த ஒவ்வொரு கட்டிலும் கடைசித் தாளாக ஒன்று போய்விட்டது.

வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். "எதுக்கு இத்தனை?"

"விழிப்புணர்வு."

"உங்களுக்கு முதல்ல வரட்டும்."

ஜூன் 21, சனி

நகரமே பற்றி எரிகிறது! சரி, கோர்ட்டுக் கேண்டீன் பற்றி எரிகிறது.

நோட்டரி கடைக்குள் புகுந்து கத்தினார். "நாள் முழுக்கச் சொட்டும்னு போட்டிருக்கியே, என் சம்சாரம் படிச்சிட்டு சொட்டினதெல்லாம் எங்கன்னு கேக்கறா. நான் என்னய்யா பதில் சொல்றது?"

புலி வக்கீல் ஆள் அனுப்பி இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார், ஒன்று ஃபிரேம் போட.

ஜூனியர்கள் எட்டுப் பேர் தங்கள் சீனியர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார்களாம். ஒருவனுக்கு உடனே பலன் கிடைத்தது — வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்வி. அவனுக்கு ஒரு மாதம் பிரதி இலவசம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவனிடம் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா போன். "மாசக் கடைசி திங்கள்தானடா? கிளினிக்குல முன்கூட்டியே சொல்லணும்." பிறகு சொல்லலாம், அவசரமில்லை என்றேன். "ஏன்?" என்றாள். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

குடை வக்கீலம்மா கடைக்கே வந்தார். குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, பையிலிருந்து என் பட்டியலை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"ஜெராக்ஸ்காரரே, இது உங்க வேலைதானே?"

"பத்தொன்பது வருஷ ஆய்வும்மா." நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. கால் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டது.

"எத்தனை காப்பி போட்டீங்க?"

"ஒரு நாலு…"

"என் கட்டுலேயே நாலு இருந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் எல்லார் முன்னாடியும் இத ஆட்டிக் காட்டறாரு. 'அம்மா, எட்டு மாசக் கூலி குடுக்கலன்னு எங்க கட்சிக்காரரை இழுத்து வச்சிருக்கீங்களே, உங்க ஜூனியருக்கு எத்தனை மாசமா கூலி குடுக்கறீங்க?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

பட்டியலை மெதுவாகக் கவிழ்த்து வைத்தேன். மருமகள் வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

"முப்பது வருஷமா எனக்கு முன்னாடி இருந்தவங்க எப்படி நடத்துனாங்களோ அப்படியே நானும் நடத்திட்டேன். என் சீனியர் எனக்கு ஒண்ணும் தரல. நான் யோசிக்கவே இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆனா ஆறெல்லாம் என்னால முடியாது. எங்க கட்சிக்காரங்க ஜெயிச்சாத்தான் எனக்கே வரும். மூணு தர்றேன். மாசா மாசம். உங்க மருமக கிட்ட நான் சொல்லிக்கறேன், நீங்க வாயத் தெறக்காதீங்க."

"சரிம்மா."

"அப்புறம் அந்த 'ஆய்வு'ங்கற வார்த்தைய எடுத்துருங்க."

குடையை விரித்துக்கொண்டு போனார். வெளியே மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஜூன் 30, திங்கள்

மூன்று. பாதிதானே. அக்காவுக்கு எப்படிச் சொல்வாள் அந்தப் பெண்? நான் இன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தால் வீட்டுக்காரிதான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். போன் அடிக்கவே இல்லை. அதுதான் பயம்.

ஜூலை 6, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனோம். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்தேன்: சந்தை மந்தம், டோனர் விலை ஏற்றம், உலகப் பொருளாதாரம்.

சாயங்காலம் ஆறு மணி. அக்கா வீட்டில் இருந்தாள். கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு. அந்த நேரத்தில் அவளை வீட்டில் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு ஞாபகமில்லை. கிளினிக் வேலையை ஒன்றாம் தேதியே விட்டுவிட்டாளாம்.

"அக்கா, ஆறுன்னு சொன்னேன், அது வந்து…"

"அட விடுடா. நீ சொல்றத நான் என்னைக்கு முழுசா கேட்டிருக்கேன்? சின்ன வயசுலயே நீ பத்துப் பேரை அடிச்சேன்னு வருவ, நான் அஞ்சுன்னு வச்சுக்குவேன். ஆறுன்னு போட்ட. மூணுன்னு எடுத்துக்கிட்டேன். மூணு வந்துச்சு. கணக்கு சரிதானே?"

மருமகள் உள்ளே இருந்து சாட்சிக் கேள்விகள் எழுதிக்கொண்டே கத்தினாள்: "மாமா, மத்த வரியெல்லாம் எங்கிருந்து எடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும். எங்க வரி மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

"தகவல் குடுத்தவங்க பேரைச் சொல்லக்கூடாதும்மா. தொழில் தர்மம்" என்றேன். வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். குடை வக்கீலம்மா பத்தொன்பது வருஷத்தில் ஒரு கடனும் வாங்கியதில்லை. ஒரு வருமானச் சீட்டும் என் மெஷினில் வைத்ததில்லை. மற்ற வரியெல்லாம் அடித்து முடித்துவிட்டேன், அந்த வரி மட்டும் காலியாக இருந்தது. லாமினேஷன் மெஷின் சூடாகிவிட்டது. கடை வாசலில் அக்கா ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து என்று அடிக்கத்தான் போனேன், விரல் ஆறில் விழுந்துவிட்டது.