பாலத்துக்கு அடியில் நின்றவனுக்கு

இன்று வானூர் வங்கியில் வரிசையில் நின்றபோது பூட் பாலிஷ் வாசனை வந்தது. வாசல் காவலாளி குனிந்து ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதற்காக வந்தேன் என்பதே மறந்துவிட்டது. தம்பி, நீயும் இப்படித்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, ஆரோவில் பக்கம் ஒரு விடுதி வாசலில் காவலுக்குப் போன நாட்களில், தினமும் காலையில் பூட்ஸைத் தேய்ப்பாய். "கேட்டைத் தொறக்க எதுக்குடா இவ்ளோ மினுக்கு?" என்பேன். "கேட்டுக்கு இல்லக்கா, எனக்கு" என்பாய்.

நீ ராணுவத்தில் சாப்பர். படை போகும் வழியில் கண்ணிவெடி எடுப்பதும் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் போடுவதும் உன் வேலை. ஊரில் "எத்தினி பேர சுட்ட?" என்று கேட்பார்கள். பாலம் போட்டேன் என்று நீ சொன்னதும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

2004 டிசம்பரில் கடல் உள்ளே புகுந்தபோது, உப்பளத்துக்குப் போகும் வாய்க்கால் மேலிருந்த மரப்பாலம் அடித்துக்கொண்டு போனது. வேலைக்குப் போகும் பெண்கள் வெகுதூரம் சுற்றினார்கள். நீ டிரம்களில் மண்ணை நிரப்பி வாய்க்காலில் இறக்கி, மேலே சவுக்குக் கட்டைகளை வைத்துக் கட்டினாய். முதல் ஆள் நடக்கும்முன் மார்பளவு தண்ணீரில் இறங்கி அதன் அடியில் நின்றாய்.

"அடியில ஏம்பா நிக்கற?" என்றாள் கூடையோடு நின்ற ஒருத்தி.

"எங்க யூனிட்டு வழக்கம்மா. போட்டவன் அடியில நிக்கணும். வுழுந்தா என் தல மேலதான்."

"சரி, உன் தலைய நம்பிக் கால வக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள்.

கோடையில், வாய்க்காலில் சிமென்டுப் பாலம் கட்ட வந்த ஒப்பந்தக்காரர் ஆட்களை வைத்து அதைப் பிரித்தார். "யாரக் கேட்டுப் போட்ட? நீ என்ன இன்ஜினியரா?"

"ஆமாங்க. ராணுவத்துல."

"அப்ப அங்க போயி போடு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உன் பாலத்தில் தினமும் நடந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அங்கே சிரிக்காமல் நின்றவன் உன் மகன் ஒருவன்தான்.

அந்த வருடக் கடைசியில் அவன் பட்டாளத்துக்குக் கிளம்பினான். சாப்பரின் மகன் என்பதால் உன் பிரிவிலேயே சேர வழி இருந்தது. அவனோ காலாட்படைக்குத்தான் போவேன் என்றான். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அங்க போயி என்னடா கத்துக்குவ? சாப்பர்னா வெளிய வந்தாலும் கையில ஒரு தொழில் இருக்குது" என்றாய்.

"உன் கையிலதான் இருக்குதே. என்னா பண்ற? கேட்டு தொறக்கற."

நான் குறுக்கே புகுந்தேன். வகுப்பில் எதையும் உதாரணம் காட்டியே சொல்லிப் பழகியவள் அல்லவா. "தேர் இழுக்கறவங்க நூறு பேருடா. சக்கரத்துக்குக் கட்டை போடறவன் ஒருத்தன். அவன் இல்லன்னா தேர் எங்க போய் முட்டும், யோசிச்சுப் பாரு."

"கட்டை போடறவனுக்குத்தான் அத்த கால் நசுங்குது" என்றான்.

நீ சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. அவனைப் பார்க்காமல் என்னைக் கேட்டாய்: "அவன் சொல்றதுல எது பொய், அக்கா?" ஆயுள் முழுக்கப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். உன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பைத்தான் ஊற்றினேன்.

அவன் காலாட்படையில் சேர்ந்தான். வழியனுப்ப நீ பஸ் நிலையத்துக்கு வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில், விடுதி வாசலில் நின்றபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய்.

சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். ஒப்பந்தக்காரர் குழாய் புதைத்துப் போட்டிருந்த சிமென்டுப் பாலம் ஒரு மழைக்குள் ஒரு பக்கமாக அமிழ்ந்து, அதன் மேல் தண்ணீர் ஓடியது. பாடையைத் தூக்கியவர்கள் தயங்கி நின்றார்கள். பெண்கள் இந்தக் கரையோடு திரும்பிவிட வேண்டும். முடி ஒட்ட வெட்டிய தலையோடு உன் மகன் என் பக்கத்தில் நின்று தண்ணீரையே பார்த்தான்.

"அப்பா இருந்தா ஒரு பாலம் போட்டிருப்பாரு அத்த" என்றான். பிறகு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி உன்னைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

அவன் அதை இருபது அடி தள்ளி, உன் பாலத்தைப் பிரித்த அன்றே சொல்லியிருக்கலாம். கேட்க வேண்டிய நீ பாடையில் படுத்திருந்தாய். இத்தனை வருடமாக அந்த வார்த்தை என்னிடமே கிடக்கிறது. அது உனக்குச் சேர வேண்டியது. கொண்டுவந்து கொடுக்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை.