பஸ் திரும்பும் இடம்

ஆலங்காயம் வழி,
14.11.2024

தம்பி கோபிக்கு,

அண்ணன் கோதண்டபாணி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் அம்பிகாவும் புனேயில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் போன் எண்ணை நீ தடுத்து வைத்து எட்டு வருடம் ஆகிறது. கடிதத்தை அப்படித் தடுக்க வழியில்லை என்பதால் எழுதுகிறேன். ஏதோ காரியத்துக்காகத்தான் எழுதுகிறான் என்று நினைப்பாய். சரிதான்.

நம் ஊருக்கு இன்னும் பஸ் வரவில்லை. டவுன் பஸ், கம்பெனி பஸ் இரண்டும் கூட்டுரோட்டிலேயே திரும்பிப் போகின்றன. அங்கிருந்து வீட்டுக்கு அதே இரண்டரை கிலோமீட்டர் நடை. ஊருக்குள் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை என்கிறார்கள். கோயிலுக்கு எதிரே நம் இருவர் பெயரிலும் இருக்கும் ஐந்து சென்ட்டில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. பரணிதரன் அதில் ஆடு கட்டுகிறான். அவன்தான் இப்போது பஞ்சாயத்துத் தலைவர். பத்தாவதில் இரண்டு முறை தோற்றவன். எம்.ஏ. படித்த நான் அவனுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கம்பெனியில் என்னை வேலையை விட்டு நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. அதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, இப்போது வேண்டாம். உன் அண்ணி எழிலரசி இன்னும் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். வீடு அவள் சம்பளத்தில் ஓடுகிறது.

அவளுக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. வேலூரில் காட்டினோம். உட்கார்ந்து தைக்கலாம், நடக்கத்தான் கூடாது என்றார் டாக்டர். தெற்குத் தெரு சௌமியா தன் ஸ்கூட்டியில் கூட்டுரோடு வரை ஏற்றிப் போகிறாள் என்று எழிலரசி சொன்னாள். நம்பினேன். எனக்கு வண்டி ஓட்ட வராது. தெற்குத் தெருவோடு பேச்சும் இல்லை, அதனால் விசாரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தபால் ஆபீசுக்குப் போகக் கூட்டுரோட்டில் நின்றேன். டீக்கடை அக்தரி பேகம் கூப்பிட்டு, பாய்லருக்குப் பின்னாலிருந்து ஒரு கைத்தடியை எடுத்துக் காட்டினார். “இன்னா சார் அப்படிப் பாக்குறீங்க? உங்க வூட்டம்மா தடிதான். காலைல இங்க குடுத்துட்டு பஸ் ஏறுவாங்க, சாய்ங்காலம் வாங்கினு போவாங்க. தடி ஊனுறது சூப்பர்வைசர் கண்ணுல பட்டா வேலைய வுட்டு நிறுத்திடுவான்னு பயம். நாலு மாசமா இப்படித்தான்” என்றார். சௌமியா வண்டி என்னவாயிற்று என்று கேட்டேன். அந்தப் பெண் ஆடி மாதமே ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாளாம். “ஒரே வூட்ல இருக்குறீங்க, இதுகூடத் தெரியாதா சார்?” என்றார்.

பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருத்தி, எனக்குக் கேட்கும்படியாகவே, “ஊருக்கெல்லாம் மனு எழுதுவாரு. பஸ்ஸு திரும்ப எடம் மட்டும் குடுக்க மாட்டாரு” என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தடியைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் அன்று சௌமியா வண்டியில்தான் போனதாகச் சொன்னாள்.

எட்டு வருடத்துக்கு முன் நீ அந்த ஐந்து சென்ட்டைப் பஸ்ஸுக்குக் கொடுக்கலாம் என்றபோது, கூட்டுப் பட்டா, சட்டச் சிக்கல் என்று மூன்று பக்கம் எழுதி மறுத்தேன். அதில் ஒன்றும் உண்மையில்லை. நீ எழுதிய மனுவில் உன் பெயர் முதலிலும் என் பெயர் இரண்டாவதும் இருந்தது. மூத்தவன் நான். அவ்வளவுதான் விஷயம். என்னிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அப்போது அம்பிகாவுக்கு ஏழாம் மாதம். அதே கம்பெனி பஸ்ஸுக்கு அவளும் தினம் நடந்தாள். ஐப்பசி மழையில் ஒரு நாள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டவளை நீ தூக்கிக்கொண்டு கூட்டுரோட்டுக்கு ஓடினாய். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேராகத்தான் திரும்பி வந்தீர்கள். அந்த மாதமே ஊரைவிட்டும் போய்விட்டீர்கள். மழையால் வந்தது என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

நம் ஊருக்கு மினி பஸ் விட அனுமதி கிடைத்திருக்கிறது. காலை ஆறே முக்காலுக்கு ஊருக்குள் வந்து, கம்பெனி பஸ் புறப்படுவதற்குள் கூட்டுரோட்டில் இறக்கிவிடும். டிசம்பர் பத்தாம் தேதிக்குள் அந்த ஐந்து சென்ட்டைப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தவறினால் பஸ் பக்கத்து ஊருக்குப் போய்விடும். எழிலரசி இன்னொரு மழைக்காலம் நடந்தால், அதன்பின் எழுந்து நிற்பதே கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்திரம் தயார். நாம் இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தில் உன் பெயரை முதலில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அரக்கோணத்தில் இறங்கி ரயில் மாறினால் வாணியம்பாடிக்கு வந்துவிடலாம். அம்பிகாவை அந்த ரோட்டில் வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. அவள் விருப்பம். வரும் நேரத்தை அண்ணியின் போனுக்குச் சொல். முன்கூட்டியே நடந்து வந்து அக்தரி பேகம் கடையில் நிற்கிறேன். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன். நீ வெறுங்கையோடு நடந்து வந்தால் போதும்.

நீங்கள் இருவரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
கோதண்டபாணி