கரிங்காய் என்று சொன்னதற்கு

என் ஆசை அக்காவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உன் மகள் ஈஸ்வரிக்கு ஒரு நாள் சான்றிதழ் வரும், வருகிற வழியில் ஒரு வில்லங்கமும் வரும் என்று போடி பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் முன்னால் சொன்னேன். பத்து என்ன, ஐம்பது பேர் இருக்கும்.

பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் வேலை தெரிந்தவர்களைச் சோதித்துப் பார்த்து இப்போது சான்றிதழ் கொடுக்கிறார்கள் அக்கா. பதினெட்டு வருசமாக ஜீப்பேறி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கிற ஈஸ்வரிக்கு முட்டி போய்விட்டது. சரிவில் உட்கார்ந்து எழ முடியவில்லை. "காகிதத்தோட வா, ஸ்டோர்ல உக்காந்து காய் தரம் பாக்குற சோலி தர்றேன்" என்று தோட்டத்து முதலாளி சொல்லியிருக்கிறார். அது கிடைக்காவிட்டால் அவள் என்ன செய்வாள்?

செவ்வாய்க்கிழமை போடியில் சோதனை. நான்தான் கூட்டிப்போனேன். சோதிக்க வந்தவர் வெளியூர்க்காரர். உள்ளே நடந்ததை ஈஸ்வரி அழுதுகொண்டே வந்து சொன்னாள்.

"எந்தக் காயைப் பறிக்கணும்?"

"கரிங்காய்ங்க சார்."

"கருகின காயையா பறிப்பீங்க?"

கூட இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "ஏய் ஈஸ்வரி, சாருக்கு நீ அடுப்புல போட்டுக் காட்டுடி!" மனுசனுக்கு முகம் சுண்டிவிட்டது. தவறு என்று குறித்துவிட்டு, "ஆட்சேபம் இருந்தா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்றாராம். மேலே பச்சை மாறாமல் உள்ளே விதை கறுத்த காய்தான் கரிங்காய் என்று அவருக்கு யார் சொல்வது? மலையாளத்து ஆட்களோடு சேர்ந்து வேலை பார்த்து நம் நாக்கில் ஒட்டிய சொல் அது.

"நீ போயி ஜீப்புல உக்காரு ஆத்தா. மாமா பாத்துக்கிறேன்" என்றேன்.

விறுவிறுவென்று உள்ளே போனேன். மடியிலிருந்த காயை மேசைமேல் பிளந்து காட்டினேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "ஐயா, நீங்க வந்து எங்களுக்கு வகுப்பெடுக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சிவப்பு மையில் திருத்தினார். ஈஸ்வரியிடம் இதைச் சொன்னதும், "மாமா, நீங்க இருக்கையில எனக்கென்ன" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். உன் சிரிப்பேதான்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. முதலாளி வீட்டு வழியில் போகாமல் சுற்றிப் போகிறேன். திருத்தியாயிற்று என்றால் எதுக்குடா பயப்படுற என்று கேட்பாய்.

அக்கா, நான் உள்ளே போகவே இல்லை.

வாசல் வரைக்கும் போனேன். "யாரா இருந்தாலும் எழுதிக் குடுக்கச் சொல்லு" என்று உள்ளே அவர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. ஐந்தாவதோடு நின்றவன் நான். அவர் முன்னால் எழுத்துக்கூட்டி எழுதி, எல்லாரும் என்னைப் பார்த்தும் சிரித்துவிட்டால்? திரும்பி ஒரு டீயைக் குடித்துவிட்டு ஜீப்புக்கு வந்துவிட்டேன். நான் சொன்னதை நம்பி ஈஸ்வரி ஆட்சேபம் சொல்லாமல் இருக்கிறாள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் முதலில் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அவள் என்னைத் திட்டட்டும். பிறகு அவளோடு போய், தப்பும் தவறுமாகவாவது என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். இது சத்தியம்.

பயத்தோடு,
உன் உடன்பிறந்த தம்பி