சாட்சி சொன்ன பிறகு

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் பிரிக்காமலே கிழித்துவிடாதே.

நேற்று கோர்ட்டில் நீ என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்தச் சரக்கு லிஃப்டின் கம்பிக்கயிறு பிரிந்திருப்பதை அத்தானிடம் முன்னமே சொல்லியிருந்தேன். மாற்றிவிடலாம் என்றார். மாற்றவில்லை. மாற்றியதாகப் பராமரிப்பு நோட்டில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் வாரம் லிஃப்ட் விழுந்து, தரை துடைக்கும் அம்மா ஒருவர் செத்துப்போனார்.

ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாத எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அத்தான்தான். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாமல் விட்டுவிடும்படி பத்து நாள் கடவுளிடம் கெஞ்சினேன். கூப்பிட்டுவிட்டார்கள். இறந்துபோன அம்மாவின் மகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கடவுள் பேரில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

திட்டியாவது இரண்டு வரி எழுது.

உன் தம்பி


ஜூலை 22

தம்பிக்கு,

திட்டச் சொன்னாய். அதற்கும் தெம்பில்லை.

தீர்ப்பு உனக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இரண்டு வருடம் ஜெயில். கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறைக்கு வந்துவிட்டோம். சமைக்கிற புகை படுக்கை வரைக்கும் வருகிறது. பெரியவள் அப்பாவின் சட்டைகளைப் பிரித்துப் பிரித்து மடிக்கிறாள்.

நீ கும்பிடுகிற சாமியைத்தானே நானும் கும்பிட்டேன்? அவரைக் காப்பாற்று என்று நான் அழுதுகொண்டிருந்த அதே நேரத்தில் உன்னை வாய் திறக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே சாமி இரண்டு பேரிடமும் எப்படி இருக்க முடியும்? தெரிந்தால் சொல். தெரியாவிட்டால் இனி எழுதாதே.

அக்கா


நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

லிஃப்ட் வேலைக்கு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. கூட்டாளிகள் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். சொந்த அத்தானையே காட்டிக்கொடுத்தவன் நம்மை விடுவானா என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான். இப்போது காகிதக் குடோனில் மூட்டை தூக்குகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது. உண்மையைச் சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை.

நீ கேட்டதை அவரிடமும் கேட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. கும்பிட உட்கார்ந்தால் இப்போதெல்லாம் வார்த்தை வருவதில்லை. “இங்கதான் இருக்கேன்”னு மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன். எழுந்து போகவும் வேறு வாசல் தெரியவில்லை. இதற்குப் பேர் நம்பிக்கைதானா என்றும் புரியவில்லை, அக்கா. ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

பெரியவளைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


பிப்ரவரி 12

தம்பி சுண்டுவுக்கு,

மூன்று மாதமாக உன் கடிதத்தை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். நேற்று சிறைக்குப் போய் அவரைப் பார்த்தபோது கொண்டுபோனேன். வாசித்துவிட்டுக் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு சொன்னார்:

“கயிறு பிரிஞ்சு கெடந்தத நானும் பாத்தேன். வேலைய முடி முடின்னு மேல இருக்கறவங்க அவசரப்படுத்தினாங்க, கையெழுத்துப் போட்டுட்டேன். அவன் எனக்காகப் பொய் சொல்லியிருந்தா வெளிய இருந்திருப்பேன். ஆனா அந்தம்மா மகள எதிர்ல பாத்தா, மொகத்த எங்க வச்சுக்குவேன்?”

கேட்டு எனக்கு நிம்மதி வரவில்லை. இத்தனை நாள் உன்மேல் இருந்த கோபம் அவர்மேல் திரும்பியது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் இளைத்துப்போய் நிற்பதைப் பார்த்ததும் அதுவும் நிற்கவில்லை. சாமிமேல் எனக்கு வருத்தம் தீரவில்லை. தீர்ந்த மாதிரி உன்னிடம் நடிக்கவும் மாட்டேன். வீட்டுக்கு வந்து நானும் சாமி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எதையும் கேட்கவில்லை.

அடுத்த தடவை இரண்டு பேர் பார்க்கலாமாம். மனுவில் உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். மார்ச் பத்தாம் தேதி, காலை ஒன்பது மணிக்குச் சிறை கேட் பக்கம் நில். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாம் பேசிக்கொள்ள வேண்டும் என்றில்லை. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா