உப்புப் போட்ட புளியும் ஆயிரம் யார் தூரமும்

கல்கரி
12.02.2024

அன்பின் யோகமலருக்கு,

நான் நலம். மகன் நிசாந், மருமகள் நிருசா, பேரப்பிள்ளைகள் எல்லோரும் நலம். உம்முடைய முழங்கால் எப்படி என்று எழுதும். தொலைபேசியில் கேட்டிருப்பேன். ஆனால் போன கிழமை நீர் அரை மணித்தியாலம் கதைத்ததில் எனக்கு விளங்கியது முருங்கைக்காய் விலை மட்டும்தான். காதுக்கருவி கீச்சிடுகிறது. "மாமா, இனிக் கடிதம் எழுதுங்கோ, வீடும் கொஞ்சம் அமைதியாய் இருக்கும்" என்று நிருசா சொல்லிவிட்டாள்.

மூன்று மாதத்துக்கென்று திருகோணமலைக்குப் போனீர். இன்றோடு பதினொரு மாதம். கூரையைத் திருத்திவிட்டு வருவதாகச் சொன்னீர். அந்தக் கூரை எவ்வளவு பெரிதென்று எனக்குத் தெரியும், அது நான் கட்டின வீடு.

இங்கே பனி குறைந்ததும் ஆவணிப் போட்டிக்குப் பழக வேண்டும். ஆயிரம் யார், கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஒரு தாளைச் சுட வேண்டும். கடைத் தோட்டாக்களை நம்பி அந்தத் தூரத்துக்குச் சுட ஏலாது. ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். அதனால்தான் சுட்டு முடிந்த தோட்டாக் கோதுகளைப் பொறுக்கி, துப்புரவாக்கி, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, வாயில் புது ஈய ரவை வைத்து இயந்திரத்தில் நானே அமத்துகிறேன். ஒரு கோதுக்கும் அடுத்த கோதுக்கும் எள்ளளவு பாரம்கூட வித்தியாசம் வரக்கூடாது. இதைப் பலமுறை உமக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீர் எழுந்து போய்விடுவீர்.

ஒரு உதவி. கோதுகள் பித்தளை. துவக்குக் கிளப் நண்பர் வால்டர் அவற்றை மினுக்க ஒரு இயந்திரம் வைத்திருக்கிறார். நான் நீர் குத்துவிளக்கு மினுக்குவதை நினைத்துப் புளி போட்டுப் பார்த்தேன். பொன் மாதிரி வந்தது. வெள்ளைக்காரர்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். ஆனால் இங்கே போத்தலில் விற்கிற புளிக்கு வேகம் காணாது. உம்முடைய அக்காவின் மகன் இராகுலன் அடுத்த மாதம் இங்கே வருகிறானாம். அவனிடம் ஊர்ப் பழப்புளி இரண்டு கிலோ கொடுத்துவிடும். நீரும் அவனோடு வந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கனகசிங்கம்


உவர்மலை, திருகோணமலை
09.03.2024

அன்புள்ள நிசாந் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படியில் ஏறும்போது நோகிறது, இறங்கும்போது நோகிறது, மற்ற நேரத்தில் குறையில்லை.

புளியை இராகுலனிடம் கொடுத்திருக்கிறேன். கிண்ணியாவிலிருந்து சந்தைக்கு வருகிற சித்தி பரீதா என்ற முஸ்லிம் பெண்ணிடம் வாங்கினேன். "இரண்டு கிலோவா? கனடாவில புளிக்கு அவ்வளவு பஞ்சமா அக்கா?" என்று கேட்டார். என் மனுசன் துவக்குக்குத் தோட்டா செய்கிறார், அதற்குத்தான் புளி என்றா சொல்வது? பக்கத்தில் இரண்டு கடற்படைப் பெடியன்கள் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றார்கள். "ஓம், சரியான பஞ்சம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எள்ளளவு வித்தியாசம் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். முப்பத்தேழு வருஷத்தில் ஒருநாளாவது கறிக்கு உப்புக் காணாதென்று நீங்கள் சொன்னதுண்டா? ஒருமுறை உப்பே போடாமல் வைத்த மீன்குழம்பை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அன்று நான் உங்களை நல்ல மனுசன் என்று நினைத்தேன். கவனமில்லாத மனுசன் என்று இப்போது விளங்குகிறது. கவனம் முழுவதையும் கோதுக்குள் போட்டு அடைத்துவிட்டீர்கள்.

அந்த அமத்துகிற இயந்திரம் இன்னமும் குசினி மேசையிலா பூட்டியிருக்கிறது, நான் இடியப்பம் பிழிகிற இடத்தில்?

கூரை வேலை முடிந்துவிட்டது. ஆனால் மழை பெய்தால்தானே ஒழுகுகிறதா இல்லையா என்று தெரியும். இங்கே மழை ஐப்பசியில்தான் வரும்.

இப்படிக்கு,
யோகமலர்


கல்கரி
28.04.2024

யோகமலருக்கு,

அன்பின் என்று போடாததைக் கவனித்திருப்பீர். வேண்டுமென்றுதான் போடவில்லை.

என் முந்நூறு கோதும் நாசமாய்ப் போயின. ஊர்ப் புளி வந்த சந்தோசத்தில் நிருசாவின் பெரிய சட்டியில் கரைத்து, கோதுகளைப் போட்டு, இரண்டு நாள் ஊறவிட்டேன். மூன்றாம் நாள் எடுத்தால் ரோசா நிறம். சரி, காய்ந்தால் மாறும் என்று துடைத்து வைத்தேன். ஒரு கிழமையில் பச்சை பூத்துவிட்டது. நிருசா அந்தத் தண்ணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "மாமா, இது உப்புப் போட்டுப் பிசைஞ்ச புளி" என்றாள். ஒரு மாதமாக அவள் அந்தச் சட்டியை என் கண்முன்னாலேயே மூன்று தரம் கழுவுகிறாள்.

பழுதில்லாதது போல இருந்த இருபதைத் தெரிந்தெடுத்துக் கொண்டுபோய்ச் சுட்டேன். தாளைப் பார்த்தால் ஓட்டைகள் அங்குமிங்கும் சிதறி, கொப்புளிப்பான் வந்தவனின் முதுகு மாதிரி இருந்தது. வால்டர் ஒவ்வொரு கோதாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இவை இனித் துவக்குக்குள் போகக்கூடாது என்று எல்லாவற்றையும் பழைய இரும்பு வாளியில் கொட்டிவிட்டார். கிளப்பில் இப்போது என்னை ஒருவரும் வரிசையில் வந்து பார்ப்பதில்லை.

உப்புப் புளி பித்தளைக்கு ஆகாதென்று நாற்பது வருஷம் விளக்கு மினுக்கின உமக்குத் தெரியாதா? தெரிந்துதான் அனுப்பினீரா? எனக்கு நேர்ப்பதில் வேண்டும்.

கனகசிங்கம்


உவர்மலை, திருகோணமலை
20.05.2024

அன்புள்ள நிசாந் அப்பாவுக்கு,

நான் அன்புள்ள என்றே போடுகிறேன். நாங்கள் இரண்டு பேருமே அதை விட்டுவிட்டால் தபால்காரனுக்கு மட்டும்தான் வேலை.

முதலில் உங்கள் பிழையைச் சொல்கிறேன். புளியில் பித்தளையை ஊறப்போட்டு யார் இரண்டு நாள் விடுவார்கள்? விளக்கைத் தேய்த்து, உடனே கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் வைப்பது. அந்த வேலை நடக்கும்போது நீங்கள் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தீர்கள். மினுங்கின பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தீர்கள். நீங்கள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

இனி என் பிழை. "கறிக்கா, விளக்குக்கா?" என்று சித்தி பரீதா கேட்டார். உப்புப் போட்ட கறிப்புளி, உப்பில்லாத விளக்குப்புளி, இரண்டு வகையும் அவரிடம் இருந்தன. நான் "கறிக்கு" என்றேன். தெரிந்துதான் சொன்னேன். நேர்ப்பதில் கேட்டீர்கள், இதுதான் பதில்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். தைப்பொங்கலுக்குத் தம்பலகாமத்துக்குப் போனேன், அக்கா வீட்டுக்கு. மத்தியானம் வயல் பக்கம் யானை வந்துவிட்டதென்று யாரோ யானைவெடி கொளுத்தினார்கள். ஒரே ஒரு வெடி. அடுத்த நிமிஷம் நான் கட்டிலுக்குக் கீழே. எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. அறுபத்தொரு வயதில், இந்த முழங்காலோடு. உள்ளே சுகமாகப் போய்விட்டேன், வெளியே வரத்தான் ஏலவில்லை. அக்காவும் இராகுலனும் கட்டிலைத் தூக்கி என்னை எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

சண்டைக் காலத்தில் நிசாந்தை வயிற்றுக்குக் கீழே வைத்துப் படுத்துக்கொண்டு எத்தனை பகல், எத்தனை இரவு அந்தச் சத்தத்தைக் கேட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். கனடாவுக்குப் போனால் அது முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் அதைக் குசினி மேசையில் வைத்துச் செய்யத் தொடங்கினீர்கள். மருந்தை நிறுக்கும்போது உங்கள் முகம் எவ்வளவு சந்தோசமாக இருக்கும் தெரியுமா? அதனால்தான் சொல்ல மனம் வரவில்லை. எழுந்து எழுந்து போனேன். கடைசியில் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

நான் இனி அங்கே வரமாட்டேன். கூரை ஒரு சாட்டுத்தான். நீங்கள் இங்கே என்னோடு வந்து இருப்பீர்களா, மாட்டீர்களா? ஒரு வரியில் எழுதுங்கள்.

உங்கள்,
யோகமலர்


கல்கரி
14.06.2024

அன்பின் யோகமலருக்கு,

ஒரு வரியில் எழுதத்தான் இருந்தேன். நாலு தாள் கிழித்தாயிற்று.

நீர் எழுந்து போனபோதெல்லாம் உமக்கு அலுப்பு என்று நினைத்தேன். பயம் என்று நினைக்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

என் பக்கத்தையும் கேளும். தம்பலகாமப் பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞராக இருந்த காலம் முழுவதும் கப்பல்துறைச் சோதனைச்சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்தவன் நான். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. எதிரே எப்போதும் யாரோ ஒரு பெடியனின் துவக்கு. என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, நீர் வைத்த கத்தரிக்காய்க் கறியைக் கிளறிப் பார்ப்பான். நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். சிரிக்காமல் நிற்க ஏலாது.

இங்கே வால்டர் முதல்முறை கூட்டிக்கொண்டு போனபோதுதான் துவக்கின் மறுபக்கத்தில் படுத்தேன். எதிரே ஒருவரும் இல்லை. ஆயிரம் யாருக்கு அப்பால் ஒரு தாள். அந்தத் தாளுக்குத் தாய் தகப்பன் இல்லை. காற்றை மட்டும் பார்த்து, மூச்சை அடக்கி, நான் செய்த தோட்டாவை நான் விடுகிறேன். என் கை நடுங்காத இடம் அது ஒன்றுதான், யோகம்.

அதனால் ஒன்று கேட்கிறேன். போட்டி ஆவணி பதினேழாம் திகதி. வால்டர் தன் புதுக் கோதுகளில் நூறு தந்திருக்கிறார். அது முடியட்டும். முடிந்ததும் ஆறுதலாக யோசித்து எழுதுகிறேன். இயந்திரத்தை இப்போது வாகனக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். மேசையில் நாலு ஓட்டை இருக்கிறது, நிருசா அதன் மேல் பூச்சாடி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
கனகசிங்கம்


உவர்மலை, திருகோணமலை
06.07.2024

அன்புள்ள நிசாந் அப்பாவுக்கு,

கப்பல்துறைக் கதையை இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லவில்லை. கத்தரிக்காய்க் கறி எப்படி இருந்ததென்று கேட்டால் மட்டும் "நல்லது" என்பீர்கள். சாப்பாட்டுப் பெட்டி ஏன் கலைந்து வருகிறதென்று நானும் கேட்டதில்லை. இரண்டு பேரும் நல்ல கெட்டிக்காரர்கள்.

நீங்கள் சுடுங்கள். எனக்குக் கோபமில்லை, உண்மையாகவே இல்லை. ஆனால் மாசியில் பனி முடியட்டும் என்றீர்கள், இப்போது போட்டி முடியட்டும் என்கிறீர்கள். அடுத்த வருஷமும் ஆவணி வரும். காத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. முன்னறையை மூதூரில் இருந்து வந்த நிப்லா ரீச்சருக்கு வாடகைக்குக் கொடுத்திருக்கிறேன். அமைதியான பிள்ளை. அவர் செய்கிற பெரிய சத்தம் கொப்பிக்குச் சரி போடுவதுதான்.

இனி எனக்கு எழுத வேண்டாம். பேரப்பிள்ளைகளைப் பற்றி நிருசாவிடம் கேட்டுக்கொள்கிறேன். வெடிமருந்தைக் கவனமாகக் கையாளுங்கள். காதை மூடிக்கொண்டு சுடுங்கள்.

யோகமலர்


விமான நிலையம், கல்கரி
03.08.2024

அன்பின் யோகமலருக்கு,

எழுத வேண்டாம் என்றீர். இதை நான் தபாலில் போடப்போவதில்லை, அதனால் உம்முடைய சொல்லைத் தட்டியதாகாது.

உம்முடைய கடிதம் வந்த அடுத்த நாள் சுடப் போனேன். காற்று அடங்கிக் கிடந்தது. இருபது வெடி. தூரக்கண்ணாடிக்குள்ளால் பார்த்த வால்டர் தொப்பியைக் கழற்றினார். ஆயிரம் யாருக்கு அப்பால் இருபதும் ஒரு சோற்றுக் கோப்பை அகலத்துக்குள். ஐந்து வருஷத்தில் நான் அப்படிச் சுட்டதில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்லது மாமா" என்றாள் நிருசா, கைபேசியில் இருந்து கண்ணை எடுக்காமல். நிசாந் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். அவர்களில் பிழையில்லை. எது நடந்தாலும் முதலில் உமக்குச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். பாண் பேக்கரியில் வேலை கிடைத்ததையும் சொன்னேன், அது போனதையும் சொன்னேன். வாழ்க்கையில் நான் மிகத் திறமாகச் செய்த ஒரு காரியத்தை உமக்கு மட்டும் சொல்ல ஏலாது, உமக்கு அது பயம். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு அன்றே டிக்கெட் எடுத்தேன்.

நேற்றே புறப்பட்டிருக்க வேண்டும். நான் செய்த மடவேலையைக் கேளும். வீட்டில் இருந்த பைகளில் நல்லது எதுவென்று பார்த்து எடுத்து வந்தேன். ஐந்து வருஷமாகச் சுடப் போகும்போது நான் தோளில் போட்ட அதே பை. இங்கே ஒரு அதிகாரி ஒரு துணித்துண்டால் பையைத் துடைத்து இயந்திரத்துக்குள் வைத்தார். இயந்திரம் அலறியது. வெடிமருந்தாம். இலங்கைத் தமிழன், வெடிமருந்து மணக்கிற பை, கொழும்பு டிக்கெட். என்னைச் சுற்றி நாலு பேர் வந்து நின்றார்கள்.

எதற்காக இலங்கைக்குப் போகிறாய் என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறைதான் விளங்கியது. காது கேளாதவனுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "என்ர மனுசி என்னை விட்டுட்டுப் போயிட்டா. நான் சுடுறது அவவுக்குப் பயம். எனக்கு அது தெரியாமல் போச்சு. அவவோட இருக்கப் போறன்." அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாதென்று பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பவும் ஆங்கிலத்தில், அதே சத்தத்தில் சொன்னேன். "நீ வருவது அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்தார். கிளப்புக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்த பிறகு என்னைப் போக விட்டார்கள். அதற்குள் விமானம் போய்விட்டது.

அடுத்தது இன்றைக்குப் பின்னேரம். பையை இங்கேயே எறிந்துவிட்டேன். உடுப்பெல்லாம் இரண்டு கடைப்பைகளில் இருக்கின்றன. நிசாந் வந்து, "வாங்கோ அப்பா, வீட்டில குளிச்சு நித்திரை கொண்டிட்டு வரலாம்" என்று கூப்பிட்டான். நான் போகவில்லை. போட்டிக்கு இன்னும் இரண்டு கிழமைதான். கொட்டகையில் எண்பது தோட்டா தயாராக இருக்கிறது. போனால் அவற்றைப் பார்ப்பேன். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதனால் இந்தக் கதிரையிலேயே இருக்கிறேன். இரவும் இதில்தான் இருந்தேன்.

துவக்கை விற்கவில்லை. கிளப் அலுமாரியில் வால்டரின் பொறுப்பில் இருக்கிறது. அதற்கு என்ன செய்வதென்று இன்னும் தெரியாது. பொய் எழுத விருப்பமில்லை. திரும்பி வரும் டிக்கெட் மட்டும் எடுக்கவில்லை.

இந்தக் கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன். வாயால் சொல்லத் தொடங்கினால் முருங்கைக்காய் விலையில் போய் நிற்பேன், என்னை உமக்குத் தெரியும். ஆகவே ஒன்றும் கதைக்காமல் இதை உம்மிடம் நீட்டுவேன். அவசரப்படாமல் வாசியும். நீர் முடிக்கும் வரைக்கும் நான் வீட்டுப் படலைக்கு வெளியே நிற்கிறேன்.

உம்முடைய,
கனகசிங்கம்